தண்ணி உடைஞ்சாச்சு, வலியைக் காணோம்

பனிக்குடம் உடைந்து வந்த பெண்ணிடம் லேபர் வார்டு நர்ஸ் முதலில் கேட்பது வலியைப் பற்றி அல்ல. “எத்தனை மணிக்கும்மா தண்ணி உடைஞ்சுது?” என்பதுதான் கேள்வி. பதில்கள் விதவிதமாக வரும். “கரண்டு போச்சே, அப்போ.” “பால்காரர் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம்.” “ராத்திரியே லேசா ஈரமா இருந்துச்சு சிஸ்டர், காலையிலதான் கொடகொடன்னு கொட்டுச்சு.” கடைசிப் பதிலைக் கேட்டால் எந்த நர்ஸும் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். கேஸ் ஷீட்டில் எழுதப்போவது இன்று காலையா, நேற்று இரவா என்பதைப் பொறுத்து ஆன்டிபயாடிக் ஊசி எப்போது, வலி வர வைக்கும் மருந்து எப்போது, பிறந்த குழந்தையை எத்தனை மணி நேரம் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பது என்று எல்லாமே மாறும்.

வலி எடுத்து, அது வலுத்து, பிறகு பனிக்குடம் உடைவதுதான் பெரும்பாலான பிரசவங்களின் வரிசை. மாதம் நிறைந்த பெண்களில் 100-க்கு சுமார் 8 பேருக்கு இந்த வரிசை மாறிவிடுகிறது. முதலில் தண்ணீர் உடையும், வலி பிறகு வரும். எவ்வளவு நேரம் கழித்து என்பதுதான் கேள்வி. பிரிட்டனின் ‘நைஸ்’ மருத்துவ வழிகாட்டுதல் தரும் கணக்கின்படி, இப்படித் தண்ணீர் உடைந்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தானாகவே வலி தொடங்கிவிடுகிறது. மீதிப் பேருக்கு இன்னும் தாமதமாகலாம். இந்த இடைவெளியில் வீட்டில் செய்ய வேண்டியது என்ன, கூடாதது என்ன, எப்போது கிளம்ப வேண்டும், ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும் என்பதற்கே இந்த அத்தியாயம்.

உடைந்தது எது?

குழந்தையைச் சுற்றியிருக்கும் பை இரண்டு மெல்லிய சவ்வுகளால் ஆனது. உள்ளே இருப்பது ஆம்னியான், வெளியே இருப்பது கோரியான். மாதம் நிறைய நிறைய இந்தச் சவ்வுகளில் இருக்கும் கொலாஜன் என்னும் புரதம் தளர்ந்துகொண்டே வரும். கர்ப்பப்பை வாய்க்கு நேரே இருக்கும் பகுதி மற்ற இடங்களைவிட நைந்துபோகும். ஒரு கட்டத்தில் அந்த இடம் விட்டுக்கொடுக்கிறது. குடம் தூக்கினாள், துணி பிழிந்தாள், மாடி ஏறினாள் என்று வீட்டில் ஆளாளுக்குக் காரணம் தேடுவார்கள். நிறைமாதத்தில் பெரும்பாலும் அப்படி ஒரு காரணமே இருக்காது.

உள்ளே இருக்கும் நீர் ஏறக்குறைய 34 முதல் 36-ஆவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். அப்போது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கலாம். அதன்பின் மெதுவாகக் குறையும். அதில் பெரும்பங்கு குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். குழந்தை அதையே குடிக்கும், மறுபடியும் கழிக்கும். அதனால் பனிக்குடம் உடைந்த பிறகும் நீர் ஊறிக்கொண்டேதான் இருக்கும். “தண்ணி பூராவும் போயிருச்சு, இனிமே வறண்ட பிரசவம்தான்” என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதைக் கேட்டு அழ வேண்டியதில்லை. ஆனால் நாப்கின் மாற்றி மாற்றிக் கையோயும் என்பது உண்மை. பிரசவம் ஆகும் வரை கசிவு நிற்காது.

எல்லோருக்கும் கொடகொடவென்று கொட்டுவதும் இல்லை. குழந்தையின் தலை கீழே இறங்கி இடுப்பெலும்பில் நன்றாகப் பொருந்தியிருந்தால், தலைக்கு முன்னால் இருக்கும் கொஞ்சம் நீர் மட்டும் வந்துவிட்டு வழி அடைபட்டுவிடும். பையின் மேல்பகுதியில் கீறல் விழுந்தால் சொட்டுச் சொட்டாக, நிற்பதும் வருவதுமாக இருக்கும். ஏமாற்றுவது இந்த இரண்டாவது வகைதான். “பெரிசா ஒண்ணும் வரலையே” என்று ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும்.

தண்ணீரா, சிறுநீரா?

ஒன்பதாம் மாதத்தில் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது சகஜம். வெள்ளைப்படுதலும் அதிகமாக இருக்கும். ஆகவே சந்தேகம் வருவது நியாயம். சிறுநீருக்கு அதற்கே உரிய வாடை உண்டு. இடுப்புத் தசையை இறுக்கினால் கொஞ்சமாவது நிற்கும். வெள்ளைப்படுதல் கெட்டியாக, கொழகொழவென்று இருக்கும். கர்ப்பப்பை வாயை அடைத்திருந்த சளிக்கட்டி விலகும்போது ரத்தக்கீற்றோடு வழவழப்பாக வெளியே வரும், அதோடு முடிந்துவிடும். பனிக்குடத் தண்ணீர் நீர்த்துப்போய், ஏறக்குறைய வாடையே இல்லாமல், சிலருக்கு லேசான இனிப்பு வாசனையோடு இருக்கும். அடக்கினால் அடங்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சிறுநீர் கழித்துவிட்டு, புது நாப்கினோ துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியோ வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் இடது பக்கமாகப் படுத்திருக்க வேண்டும். பிறகு எழுந்து நிற்கும்போது தேங்கியிருந்த நீர் சட்டென்று இறங்கினால் அது பனிக்குடமாக இருக்க வாய்ப்பு அதிகம். இறங்கவில்லை என்பதற்காக உடையவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. சந்தேகம் தீரவில்லையென்றால் போய்க் காட்டிவிட்டு வருவதில் யாருக்கும் நஷ்டமில்லை. “ஒண்ணுமில்லைம்மா, சிறுநீர்தான், வீட்டுக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்களை எந்த லேபர் வார்டும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் பத்து நிமிடம்

முதலில் மணி பார்க்க வேண்டும். பார்த்ததைச் செல்போனில் குறித்துவிட்டால் நல்லது. கணவருக்கு ஒரு வாட்ஸ்அப் தட்டிவிட்டாலே போதும், நேரம் அதில் தானாகப் பதிந்துவிடும். முதலில் கண்ட ஈரம்தான் கணக்கு. பெரிதாகக் கொட்டிய நேரம் அல்ல.

அடுத்தது நிறம். இதற்காகத்தான் வெள்ளைத் துணி. கறுப்பு நைட்டியிலும், பூப்போட்ட பாவாடையிலும் பச்சைக் கறை கண்ணில் படாது. கடையில் விற்கும் ஜெல் நாப்கின்கள் நீரை உள்ளே இழுத்துக்கொள்வதால் நிறம் சரியாகத் தெரியாமல் போகலாம். பழைய வெள்ளை வேட்டியைக் கொதிநீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கிழித்து மடித்துப் பையில் வைத்திருப்பது பாட்டிமார் வழக்கம். இந்த வேலைக்கு அதைவிட உதவுவது வேறில்லை. நனைந்த முதல் துணியைத் தூக்கிப்போடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப்போனால் டாக்டரே பார்த்துக்கொள்வார்.

நிறமற்றோ, வைக்கோல் ஊறிய நீர் போல வெளிறிய மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. லேசான இளஞ்சிவப்பும், குழந்தையின் தோலில் இருக்கும் வெள்ளைப் பூச்சு துகள்களாக மிதப்பதும் பயப்பட வேண்டியவை அல்ல. பச்சை, பழுப்பு என்றால் “குழந்தை உள்ளேயே மோஷன் போயிருச்சு” என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அது எப்போதும் ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் அப்படியானால் வீட்டில் இருக்க இடமில்லை. குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்த்தாக வேண்டும். மாதவிடாய் போலச் சிவப்பாக ரத்தம் வந்தாலும் அப்படித்தான், இன்னும் வேகமாக.

மூன்றாவது, குழந்தையின் அசைவு. தண்ணீர் உடைந்த பிறகு குழந்தை வழக்கம்போல அசைகிறதா என்று தாய்க்கு மட்டும்தான் தெரியும். குறைந்திருப்பதாகத் தோன்றினால், இனிப்பு சாப்பிட்டுப் பார்க்கலாம், கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றெல்லாம் தள்ளிப்போடாமல் கிளம்பிவிட வேண்டும்.

நான்காவது, போன். பதிவு செய்திருக்கும் ஆஸ்பத்திரிக்கோ, கிராம சுகாதார செவிலியருக்கோ ஐந்து விஷயங்களைச் சொன்னால் போதும்: எத்தனையாவது வாரம், எத்தனை மணிக்கு உடைந்தது, என்ன நிறம், குழந்தை அசைகிறதா, முன்பு சிசேரியன் ஆகியிருக்கிறதா.

காத்திருக்கவே கூடாதவர்கள்

சிலருக்கு இந்த அத்தியாயத்தின் மீதிப் பக்கங்கள் பொருந்தாது. அவர்கள் உடனே புறப்பட வேண்டும்:

- 37 வாரம் நிறையாதவர்கள்
- குழந்தை தலைகீழாக இல்லாமல் குறுக்காகவோ, பிட்டம் கீழாகவோ இருப்பவர்கள்; தலை இன்னும் மேலேயே நிற்கிறது என்று சொல்லப்பட்டவர்கள்
- இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள்
- முன்பு சிசேரியன் ஆனவர்கள்
- நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தவர்கள்
- ரத்தக் கொதிப்பு, சர்க்கரை போன்ற சிக்கல் உள்ளவர்கள்
- பச்சைத் தண்ணீர், ரத்தம், துர்நாற்றம், காய்ச்சல், அசைவுக் குறைவு இவற்றில் ஏதாவது ஒன்று இருப்பவர்கள்

37 வாரத்துக்கு முன்பு உடைந்தால் சிகிச்சையின் போக்கே வேறு. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி, தொற்றைத் தள்ளிப்போட ஆன்டிபயாடிக், சில சமயம் பிரசவத்தையே நாள்கணக்கில் ஒத்திப்போடுவது என்று போகும். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போவது வழியில் ஒரு மாற்றத்தை மிச்சப்படுத்தும்.

மிக அரிதான, ஆனால் நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. தண்ணீர் வெளியே பாயும்போது தொப்புள்கொடியும் சேர்ந்து நழுவி வந்துவிடுவது. 1,000 பிரசவங்களில் ஒன்று முதல் ஆறு வரை இப்படி நேர்கிறது. தலை இடுப்பில் பொருந்தாமல் இருந்தால்தான் இதற்கு வாய்ப்பு அதிகம். பிறப்புறுப்பில் கயிறு போல ஏதோ தட்டுப்பட்டாலோ, வெளியே தெரிந்தாலோ, அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, அந்தப் பெண் தரையில் முழங்காலையும் மார்பையும் ஊன்றி, பிட்டம் மேலே தூக்கியிருக்கும்படி குப்புறக் கவிழ வேண்டும். குழந்தையின் தலை கொடியை நசுக்காமல் இருப்பதற்கு இந்த நிலை. வண்டியில் ஏறியதும் இடது பக்கமாகப் படுத்து இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை.

“வலியே வரலையே, என்னத்துக்கு அவசரம்?”

தமிழ்நாட்டில் முதல் பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில். மகளின் கையைப் பிடித்து முடிவு எடுப்பவர் அம்மா. ஒரு திங்கட்கிழமைக் காலையை நினைத்துக்கொள்ளலாம். ஏழே கால் மணிக்கு மகள் குளியலறையிலிருந்து கூப்பிடுகிறாள்: “அம்மா, தண்ணி உடைஞ்சிருச்சும்மா.” அம்மா காலண்டரைப் பார்க்கிறார். “ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பிக்குது. ஒம்பது மணிக்கு மேல கிளம்பலாம். வலிதான் வரலையே. தலைக்குக் குளிச்சிட்டு, ஒரு வாய் சாப்டுட்டு இரு.”

இந்தப் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. தண்ணீர் தெளிவாக, குழந்தை நன்றாக அசைந்துகொண்டு, தலை இறங்கியிருக்கும் 38 வாரக் கர்ப்பிணிக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எதுவும் குடிமுழுகிப் போகாது. இந்த நிபந்தனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதில் இருக்கும் ஓட்டை. அதே தண்ணீர் பச்சையாக இருந்தால் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருப்பது சூதாட்டம். ஆகவே முதலில் போன், பிறகு காலண்டர்.

குளியலைப் பொறுத்தவரை, வெதுவெதுப்பான நீரை மொண்டு ஊற்றிக்கொள்வதில் தவறில்லை. உள்ளே கழுவுவதும், டெட்டால் கலந்த நீரை ஊற்றுவதும் கூடாது. இட்லி, கஞ்சி போன்ற லேசான உணவு சாப்பிடலாம், டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலொழிய. கடைசியாக என்ன, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதை ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். திடீரென்று ஆபரேஷன் வேண்டியிருந்தால் மயக்க மருந்து டாக்டருக்கு அது அவசியம்.

சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பிரித்தறியச் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பழக்கம். ஒரு டம்ளர் குடிப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் பனிக்குடம் உடைந்தவருக்கு அந்தச் சோதனையின் பதிலால் எதுவும் மாறப்போவதில்லை. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்க் காட்டத்தான் வேண்டும். விளக்கெண்ணெய் வேறு விஷயம். வலி வரட்டும் என்று அதைக் குடித்தால் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, லேபர் வார்டுக்குப் போகும்போதே உடம்பு சோர்ந்துவிடும்.

எதையும் உள்ளே வைக்கக் கூடாது. மாதவிடாய்க் கப் கூடாது, டாம்பான் கூடாது, தாம்பத்திய உறவு கூடாது. “நான் எத்தனை பிரசவம் பார்த்திருக்கேன், விடு, தலை வந்திருச்சான்னு பார்க்கிறேன்” என்று வரும் அனுபவசாலியின் விரலும் கூடாது. இதுநாள்வரை கிருமிகளுக்குக் கதவாக இருந்தது அந்தச் சவ்வு. கதவு திறந்த பிறகு உள்ளே போகும் எதுவும் கிருமியைச் சுமந்துகொண்டே போகும்.

ஆஸ்பத்திரி தூரமாக இருந்து, வண்டிக்காகவோ டாக்டரின் பதிலுக்காகவோ காத்திருக்க நேர்ந்தால், தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தால் உடனே கிளம்ப வேண்டும். நடுக்கம், அடிவயிற்றைத் தொட்டால் வலி, நீரில் நாற்றம் ஆகியவையும் தொற்றின் அறிகுறிகளே. காய்ச்சலைப் பார்த்து எழுதிக்கொள்ளாமல் பாராசிட்டமால் போட்டுவிட்டுப் போனால் டாக்டர் பார்க்கும்போது அறிகுறி மறைந்திருக்கும்.

எத்தனை மணி நேரம் பொறுக்கலாம்?

இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தது. உடனே வலி வர வைத்தால் சிசேரியன் கூடும் என்று ஒரு தரப்பு, காத்திருந்தால் தொற்று கூடும் என்று மறுதரப்பு. கனடாவைச் சேர்ந்த மேரி ஹன்னாவின் தலைமையில் நடந்து 1996-இல் வெளியான ‘டெர்ம்ப்ராம்’ ஆய்வு இதைப் பெரிய அளவில் சோதித்தது. 6 நாடுகளின் 72 மருத்துவமனைகளில் 5,041 பெண்கள். சிலருக்கு உடனே ஆக்ஸிடோசின் டிரிப்ஸோ, கர்ப்பப்பை வாயை மிருதுவாக்கும் ஜெல்லோ கொடுத்து வலி வர வைத்தார்கள்; சிலரை நான்கு நாள் வரை காத்திருக்க விட்டார்கள். சிசேரியன் விகிதம் எல்லாக் குழுக்களிலும் 9.6 முதல் 10.9 சதவீதத்துக்குள்ளேயே நின்றது. குழந்தைகளுக்கு வந்த தொற்றிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தாய்க்கு வந்த கர்ப்பப்பைத் தொற்றில்தான் வேறுபாடு தெரிந்தது: உடனே ஆக்ஸிடோசின் பெற்றவர்களில் 4 சதவீதம், காத்திருந்தவர்களில் 8.6 சதவீதம்.

2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 23 ஆய்வுகளை, 8,615 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும் அதே பக்கம்தான் தராசு சாய்ந்தது. சீக்கிரம் வலி வர வைப்பதால் தாய்க்குத் தொற்று குறைகிறது, சிசேரியன் கூடுவதாகத் தெரியவில்லை. நிறைமாதத்தில் வலியில்லாமல் பனிக்குடம் உடைந்தால் வலி வர வைப்பதையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பிரிட்டனில் பெண்ணிடமே கேட்கிறார்கள்: 24 மணி நேரம் வரை இயல்பான வலிக்காகக் காத்திருக்கலாம், வேண்டுமானால் இப்போதே வர வைக்கலாம். காத்திருப்பவர் பரிசோதனை முடிந்து வீட்டுக்குத் திரும்பி, தெர்மாமீட்டரும் போனும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பார். கணக்கு அங்கே தெளிவாகச் சொல்லப்படுகிறது: குழந்தைக்குக் கடுமையான தொற்று வரும் வாய்ப்பு பனிக்குடம் உடையாதவர்களுக்கு 200-க்கு 1 என்றால், இவர்களுக்கு 100-க்கு 1.

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகள் பொதுவாக அப்படித் திருப்பி அனுப்புவதில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஆகவே காத்திருப்பும் அங்கேயே, கட்டிலில். வீட்டில் கழிவது முதல் ஈரத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில் இருக்கும் நேரம் மட்டுமே. அந்த நேரம் நீண்டுகொண்டே போவதற்கு ஒரு பெரிய காரணம் பயம். “போன உடனே வயித்தைக் கிழிச்சிருவாங்க, வலி வந்த பிறகே போவோம்.” அதே ஆய்வில் தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதம் 44.9 சதவீதம் என்றிருப்பதால் அந்தப் பயத்தை ஒரேயடியாகத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் தாமதமாகப் போனால் சிசேரியன் தவிர்ந்துவிடும் என்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. காய்ச்சலோடும் துடிப்பு எகிறிய குழந்தையோடும் போய்ச் சேர்கிறவருக்குத்தான் ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்கிறது.

லேபர் வார்டில்

நாடித்துடிப்பு, காய்ச்சல், ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, குழந்தையின் துடிப்பைக் கொஞ்ச நேரம் கருவியில் பதிவு செய்வார்கள். பனிக்குடம் உண்மையில் உடைந்ததா என்பதைச் சுத்திகரித்த கருவி ஒன்றால் விரித்துக் கண்ணால் பார்ப்பது முறை. இருமச் சொல்வார்கள், நீர் வழிந்தால் பதில் கிடைத்துவிட்டது. தேவைப்பட்டால் நைட்ரசின் தாளில் தொட்டுப் பார்ப்பார்கள். பிறப்புறுப்பு இயல்பில் அமிலத்தன்மை கொண்டது, பனிக்குட நீர் லேசான காரம், தாள் நீலமாகும். ரத்தம் கலந்திருந்தாலோ, சோப்போ கிருமிநாசினியோ பட்டிருந்தாலோ தாள் பொய்யாகவும் நீலமாகும். கிளம்பும்முன் டெட்டால் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம். நீரின் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் காயவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அதிலிருக்கும் உப்பு பெரணி இலை வடிவத்தில் பூத்துக் கிடக்கும். சிறுநீரோ வெள்ளைப்படுதலோ அப்படிப் பூப்பதில்லை.

கையுறை போட்டு விரலால் பார்க்கும் உள்சோதனை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டெர்ம்ப்ராம் ஆய்வின் விவரங்களை மறுபடி அலசியபோது, கர்ப்பப்பைத் தொற்றோடு மிக நெருங்கிய தொடர்புள்ளதாகத் தெரிந்தது உள்சோதனைகளின் எண்ணிக்கைதான். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் பிணவறையிலிருந்து வந்த மாணவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தபோது பிரசவக் காய்ச்சல் சாவுகள் சரிந்தன. விரலின் வழியே போகும் ஆபத்தை அன்று கண்டுபிடித்தது அவர். கையுறை வந்த பிறகும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. “மேடம், இப்போ உள்ள பார்த்துத்தான் ஆகணுமா? வலி வலுத்ததும் பார்க்கலாமா?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை.

தண்ணீர் உடைந்து 18 மணி நேரம் தாண்டினால் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவப் பட்டியலிலும் அந்த 18 மணி நேரம் இருக்கிறது. கர்ப்பிணி சொல்லும் நேரத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கு ஓடும். இரவு பத்து மணிக்கே கசிந்ததைக் காலை ஆறு மணி என்று சொன்னால் ஊசி எட்டு மணி நேரம் பிந்தும்.

வலி வர வைப்பது என்று முடிவானால் கர்ப்பப்பை வாயின் பக்குவத்தைப் பொறுத்து வழி மாறும். வாய் இன்னும் கெட்டியாக இருந்தால் அதை மிருதுவாக்க ஜெல் வைக்கலாம் அல்லது மாத்திரை கொடுக்கலாம். பக்குவமாக இருந்தால் நேராக ஆக்ஸிடோசின் டிரிப்ஸ். உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோன்தான் அது. வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வகத்தில் உருவாக்கி 1955-இல் வேதியியல் நோபல் வாங்கினார். இந்த வலி தானாக வருவதைப் போல மெல்ல மெல்ல ஏறாது, சீக்கிரமே நெருங்கும். அதனால் குழந்தையின் துடிப்பை விடாமல் கவனிப்பார்கள். இந்த நேரத்தில் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: “குழந்தை துடிப்பு எப்படி இருக்கு?” “இன்னும் எவ்வளவு நேரம் பார்க்கலாம்னு இருக்கீங்க?”

36-ஆவது வாரத்திலேயே செய்துவைக்க வேண்டியவை

இந்தக் குழப்பத்தில் பாதியை முன்கூட்டியே தீர்த்துவிடலாம். அந்த மாதச் செக்கப்பில் டாக்டரிடம் குழந்தையின் தலை கீழே இருக்கிறதா, இடுப்பில் பொருந்திவிட்டதா என்று கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். வலியில்லாமல் தண்ணீர் உடைந்தால் எப்போது வரச் சொல்கிறார்கள், ராத்திரியில் எந்த எண்ணில் பேசுவது, அந்த நேரத்தில் அங்கே சிசேரியன் செய்ய டாக்டர் இருப்பாரா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்திருப்பவர்கள், அவசரம் என்றால் எந்தச் சீமாங் மையத்துக்கு (அவசரகால மகப்பேறு, பச்சிளம் குழந்தை சிகிச்சை மையம்) அனுப்புவார்கள் என்று கேட்டு வைப்பது நல்லது.

பையில் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்த வகைச் சீட்டு, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல், செல்போன் சார்ஜர். கூடவே ஒரு பழைய பெட்ஷீட்டும் பிளாஸ்டிக் விரிப்பும். வண்டி சீட்டில் போட உதவும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது வேண்டாம். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடும் 108 வண்டியில் பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார். காரில் போனால் பின்சீட்டில் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்துப் போகலாம்.

குழந்தை பிறந்த பிறகு

நெடுநேரம் முன்பே பனிக்குடம் உடைந்து பிறந்த குழந்தை பார்க்க நன்றாக இருந்தாலும், முதல் 12 மணி நேரம் அடிக்கடி கவனிக்கப்படும். மூச்சு, உடல் சூடு, நிறம், பால் குடிக்கும் விதம் ஆகியவற்றைக் குறித்து வைப்பார்கள். சில ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். “நல்லாத்தானே இருக்கு, எதுக்கு ஊசி குத்துறீங்க?” என்று பாட்டி சண்டைக்குப் போக வேண்டாம், பச்சிளம் குழந்தைக்கு வரும் தொற்று முதலில் காய்ச்சலாக வராமல், பால் குடிக்க மறுப்பதாகவே வரலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் தாயோ பாட்டியோ கவனிக்க வேண்டியவை அவைதான்: மார்பில் வைத்தால் உறிஞ்சாமல் தூங்கிக்கொண்டே இருப்பது, மூச்சு வாங்குவது, முனகுவது, உடம்பு சில்லிட்டுப்போவது அல்லது சுடுவது, துவண்டு கிடப்பது. தாய்க்குக் காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, அடிவயிற்று வலி. இவற்றில் எது வந்தாலும் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே, டிஸ்சார்ஜ் சீட்டோடு, அன்றைக்கே. அந்தச் சீட்டில் பனிக்குடம் உடைந்த நேரமும் பிரசவமான நேரமும் எழுதியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொண்டால், வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தாலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது. அரசு மருத்துவமனையிலிருந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுபோய் விடும் வண்டிக்கு 102. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ் அதற்குக் கட்டணம் கிடையாது.